கெளுத்திக்கு ஒரு ஆள்

ஓசூரிலிருந்து கெலமங்கலம் போகும் சாலையில், தொழிற்சாலைகளின் காம்பவுண்டுச் சுவர்கள் முடிந்து ராகிக் கொல்லைகள் தொடங்கும் இடத்தில் அந்த வீடு தனியாக இருந்தது. சிங்காரப்பேட்டையிலிருந்து சாமான் ஏற்றி வந்த டெம்போ வாசலில் நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. மெஹ்னாஸ் ஒரு பாத்திர மூட்டையை அணைத்தபடி உள்ளே ஓடினாள்.

முதலில் அவளுக்குப் பட்டது வாசனைதான். ஏரிக்கரையில் தண்ணீர் வற்றும்போது வருமே, பாசியும் சேறுமாக, அந்த வாசனை. சுவரெல்லாம் ஈரம் பூத்திருந்தது. ஜன்னல் பலகைகள் ஊறி உப்பியிருந்தன. கூடத்தின் உட்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று ஒரு சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

கூடத்தின் பின்சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டி. வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது என்று அவள் கணவன் தானிஷ் சொல்லியிருந்தான். தங்கமீன் நாலு நீந்தும் என்று அவள் நினைத்திருந்தாள். இது ஆள் படுத்துப் புரளக்கூடிய தொட்டி. மேலே பலகை மூடி, அந்த மூடி தூக்கிக்கொள்ளாமல் இருக்கக் கருங்கற்கள். உள்ளே கலங்கல் வெளிச்சத்தில் ஒரு பெரிய சிமெண்டுக் குழாய் கிடந்தது. குழாயின் வாயில் ஒரு தலை இருந்தது.

தட்டையான, அகலமான தலை. மேல்தாடையைத் தாண்டி முன்னால் நீண்ட கீழ்த்தாடை. மிளகளவு கண்கள். மீசைகள் மட்டும் மெல்ல அசைந்தன.

வீட்டுக்காரர் முனிசாமி வாசலிலேயே செருப்போடு நின்றார். கெலமங்கலத்தில் நிலபுலன் உள்ள விவசாயி. அங்கிருந்தபடியே விவரம் சொன்னார். அமெரிக்கக் கெளுத்தியாம். முன்பு குடியிருந்த ராஜேஷ்குமார் என்ற இன்ஜினியர் பெங்களூரில் விரல் நீளக் குட்டியாக வாங்கி வந்தது. அது வளர வளரத் தொட்டியை மாற்றி, கடைசியில் கண்ணாடியை உள்ளேயே வைத்து ஒட்டி இதைக் கட்டியிருக்கிறார். எந்தக் கதவு வழியாகவும் இது வெளியே போகாது. ஓசூர்க் குளிர் மீனுக்கு ஒத்துக்கொண்டுவிட்டது. வெட்டிப்போட முனிசாமிக்கு மனம் வரவில்லை. ஏரியில் விட்டால் மற்ற மீன்களைத் தின்று தீர்த்துவிடும். குடிவருகிறவர்கள் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அவர் கேட்டது அவ்வளவுதான்.

"அந்த இன்ஜினியர் இப்ப எங்க இருக்காருங்க?" என்று மெஹ்னாஸ் கேட்டாள்.

"போயிட்டாரும்மா" என்றார் முனிசாமி. மழை விடுவதற்கு முன்பே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தானிஷ் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தான். இயந்திரங்களோடு பழகியவன். தொட்டியின் மோட்டாரும் வடிகட்டியும் முதலில் அவனை இழுத்தன, பிறகு மீன். சமையலறையில் மீன் கழுவினால் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவன், சந்தையில் சின்ன மீன்களாகத் தேடி வாங்கிவந்து கையாலேயே ஊட்டத் தொடங்கினான். கெளுத்தி தேடித் துரத்தி உண்பதில்லை. குழாய்க்குள் கல்லாகக் கிடக்கும். இரை பக்கத்தில் வந்ததும் வாயைத் திறக்கும். தண்ணீரோடு சேர்ந்து இரை உள்ளே போய்விடும். கண் இமைப்பதற்குள் மறுபடியும் கல்.

"அதுக்கு ஒடம்பு முழுக்க நாக்கு மாதிரி" என்று ஒருநாள் அவளிடம் சொன்னான். "தோலுலயே ருசி தெரியும். தண்ணில கை வச்சா போதும், யாருன்னு கண்டுபுடிச்சிடும்."

இதையெல்லாம் எங்கே படித்தான் என்று அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூர் போய் வருவது நின்றது. சிங்காரப்பேட்டைக்குப் போகலாம் என்று அவள் எடுத்தால், தண்ணீர் மாற்ற வேண்டும், வடிகட்டிப் பஞ்சை அலச வேண்டும், கரண்ட் போனால் என்ன செய்வது என்று அவனிடம் ஏதாவது ஒரு காரணம் இருந்தது. வேலை முடிந்து வந்ததும் தொட்டி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவான். அவள் பேசினால் பதில் வரும். முகம் மட்டும் கண்ணாடிப் பக்கம் இருக்கும்.

ஒரு பகல். தானிஷ் மதிய ஷிப்டுக்குப் போய்விட்டான். மழை மேகம் மூடி, கூடம் அந்தியைப்போல் இருண்டது. மெஹ்னாஸ் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தொட்டி விளக்கைப் போட்டால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்குமே என்று எழுந்து ஸ்விட்சைத் தட்டினாள்.

"லைட்டு வேண்டாங்க."

மெல்லிய குரல். ஆண் குரல். அவள் தோளுக்குப் பின்னால்.

"அதுக்கு ஆகாது."

திரும்பிப் பார்த்தாள். மடித்த துணிகள் இருந்தன. சாத்திய கதவு இருந்தது. கொல்லையில் யாரோ பேசியது காற்றில் வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் அவள் கை தானாகவே விளக்கை அணைத்துவிட்டது. குழாய்க்குள்ளிருந்து உறுமல்போல் ஒரு சத்தம் வந்து அடங்கியது. இந்த வகைக் கெளுத்திகள் துடுப்பு முள்ளைத் தேய்த்து அப்படிச் சத்தம் எழுப்பும் என்று தானிஷ் சொல்லியிருந்தான். அதை நினைத்துக்கொண்டு, வாய்க்குள் ஓதியபடி சமையலறைக்குப் போனாள். தானிஷிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான் என்று நினைத்தாள்.

தங்கை கௌசருக்கு நிச்சயம் வைத்தார்கள். தானிஷ் வரமுடியாது என்றான். சொந்த மைத்துனியின் நிச்சயத்துக்கு வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று காலையெல்லாம் சண்டை. அவன் சத்தம் போடவில்லை. "நீ போயிட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினான். அவன் போனதும் அவள் புதுப் புடவை கட்டி, பர்தா போட்டு, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

தாழ்ப்பாளை நீக்கினாள். கதவு வரவில்லை.

மழையில் ஊறிப் பலகை பிடித்துக்கொண்டிருக்கும் என்று இரண்டு கையாலும் இழுத்தாள். வரவில்லை. சமையலறைக்குப் போய்ப் பின்கதவை இழுத்தாள். அது நேற்றுவரை காற்றுக்கே அடித்துக்கொண்டு கிடந்த கதவு. சுவரோடு சேர்த்துப் பூசியதுபோல் நின்றது. ஜன்னல்களில் கம்பி.

அப்போது கரண்ட் போனது.

குபுகுபு சத்தம் நின்றது. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தச் சத்தம் இல்லாத ஒரு நிமிஷத்தை அவள் கேட்டதில்லை. நிசப்தம் காதை அடைத்தது. ஓட்டிலிருந்து மழைநீர் சொட்டுவது தனித்தனியாகக் கேட்டது.

தானிஷுக்குப் போன் செய்தாள். தொழிற்சாலைக்குள் போகிறவர்கள் கேட்டிலேயே போனை வைத்துவிட வேண்டும் என்பது நினைவிருந்தும் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. கௌசரைக் கூப்பிட்டாள். உடனே எடுத்தாள்.

"கௌசர், நான் வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன். கதவு தொறக்கல."

"அக்கா? அக்கா, நீ பேசறது கேக்கல. தண்ணி கொட்ற சத்தம்தான் வருது. எங்க இருக்க?"

அவள் கத்தினாள். மறுமுனையில் தங்கை பொறுமையாக அக்கா அக்கா என்று கூப்பிட்டுவிட்டு வைத்துவிட்டாள். முனிசாமிக்குச் செய்தாள். அவருக்கும் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.

தொட்டியில் ஏதோ அசைந்தது.

கெளுத்தி குழாயைவிட்டு வெளியே வந்தது. அவள் அதை முழுதாகப் பார்த்தது அன்றுதான். வெளியே வந்துகொண்டே இருந்தது. பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டான உடல், அவள் தொடையைவிடப் பருமன். மெல்ல மேலே எழும்பி, மூடிக்குக் கீழே வாயைத் திறந்து திறந்து மூடியது. மூச்சுக்குத் தவிக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

"தண்ணிய மொண்டு ஊத்துங்க."

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"மேல இருந்து ஊத்தணும். நொரை வரணும். அப்பத்தான் அதுக்குக் காத்து."

மிரட்டுகிற குரல் இல்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினர் ஒருவர் உதவி கேட்பதுபோல், பணிவாக, அவசரமாக இருந்தது. வேர்வையும் காய்ச்சலும் கலந்த ஒரு மனித வாடை பாசி வாசனைக்குள்ளிருந்து தனியாகப் பிரிந்து அவள் கழுத்தருகே நின்றது.

"ஊத்துங்கம்மா. செத்துடும்."

மெஹ்னாஸ் பையைக் கீழே வைத்தாள். சமையலறையிலிருந்து செம்பை எடுத்துவந்தாள். கற்களை இறக்கி, மூடியை நகர்த்தி, ஸ்டூல்மேல் ஏறி நின்றாள். மொண்டாள். உயர்த்தி ஊற்றினாள். மறுபடி மொண்டாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. புடவை நனைந்து காலோடு ஒட்டியது. தோள்பட்டை எரிந்தது. ஒருமுறை செம்பை வைத்துவிட்டுக் கையை உதறினாள். உடனே அந்த வாடை நெருங்கியது. தொடவில்லை. இன்னும் ஒரு விரல் அளவு நெருங்கினால் தொட்டுவிடும் என்ற இடத்தில் நின்றது. அவள் செம்பை எடுத்தாள்.

ஒருமுறை கை ஆழமாகப் போனபோது வழவழப்பான ஒன்று அவள் மணிக்கட்டைச் சுற்றி மெதுவாகத் தடவியது.

மீசை.

அவசரமே இல்லாமல் தடவியது. அவளைத் தெரிந்துகொண்டது.

சாயங்காலம் கரண்ட் வந்தது. மோட்டார் உறுமிக் குமிழிகள் எழுந்தன. கெளுத்தி பின்னோக்கி நழுவிக் குழாய்க்குள் போனது. வாசற்கதவு லேசான காற்றில் தானாகத் திறந்து, கொல்லையின் ஈரக்காற்று உள்ளே வந்தது. சிங்காரப்பேட்டையில் நிச்சயம் முடிந்திருக்கும். மெஹ்னாஸ் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். தானிஷ் வரும்வரை உள்ளே போகவில்லை.

அவன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். பாதியில் நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தாள். ஆச்சரியம் இல்லை, பயம் இல்லை.

"மொண்டு ஊத்தினியா? நல்லது" என்றான். பிறகு அவள் தலையைத் தடவி, "பயப்படாத மெஹ்னா. நல்ல மனுஷர். எனக்கு எல்லாம் அவருதான் சொல்லித் தர்றாரு" என்றான்.

அடுத்தநாள் காலை அவள் சென்னம்மாளைத் தேடிப் போனாள். கொல்லைக்கு அப்பால் மாடு வைத்திருப்பவள். மாடுகளிடம் கன்னடம் பேசுவாள், மெஹ்னாஸிடம் தமிழ். முன்பு குடியிருந்தவரைப் பற்றிக் கேட்டதும் முதலில் சொல்லத் தயங்கினாள். பிறகு பால் கறந்தபடியே, முகம் பார்க்காமல் சொன்னாள். ராஜேஷ்குமாரின் மனைவி சுவேதா கரூரில் இருந்தாளாம். ஊருக்கு வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். மீனை விட்டுவிட்டு எப்படி வர என்று இவர் போகவே இல்லை. கொரோனா இரண்டாம் அலையின்போது அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. அவர் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு வரமாட்டேன் என்றுவிட்டார். சில நாள் கழித்து முனிசாமிதான் கதவை உடைத்தார்.

"ஸ்டூல் மேல குந்திக்கினு இருந்தாருமா. கண்ணாடில சாஞ்சுக்கினு. ஒரு கை தண்ணிக்குள்ள. அந்த மீனு கைக்கு அடியில படுத்துக்கினு இருந்திச்சு."

மெஹ்னாஸ் வீட்டுக்கு ஓடிவந்தாள். தானிஷ் அன்று வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாட்களிலும் போகவில்லை. ஒரு பகல் அவன் கையைப் பிடித்து இழுத்து வாசல்வரை கூட்டிவந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. அவன் நிலைப்படியில் காலை வைத்தான். தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"மோட்டார் சத்தம் மாறுது" என்று திரும்பிப் போய்விட்டான்.

கெலமங்கலம் போய் முனிசாமியிடம் அழுதாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வீட்டைக் காலி செய்யுங்கள், மீனை நானே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். தேன்கனிக்கோட்டையில் தனக்குத் தெரிந்தவர் வீடு ஒன்றையும் பேசிக் கொடுத்தார்.

டெம்போ வந்தது. சாமான்கள் ஏறின. பகல் வெயில் சுள்ளென்று அடித்தது. தானிஷ் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். மெஹ்னாஸ் அவன் தோளைத் தொட்டாள். எழவில்லை. இழுத்தாள். கல்லை இழுப்பதுபோல் இருந்தது. அவளுக்குப் பின்னால் வாசற்கதவு மெல்ல நகர்ந்து, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

இந்த முறை அவள் கதவிடம் போகவில்லை. கண்ணாடியைப் பார்த்து நின்றாள். அதில் அவள் தெரிந்தாள், தானிஷ் தெரிந்தான்.

"அண்ணே" என்றாள். "உங்க வீட்டம்மா எத்தன தடவ கூப்பிட்டாங்க. நீங்க போகல. அவங்க எப்படித் தவிச்சிருப்பாங்கன்னு எனக்குத் தெரியுது. என் வீட்டுக்காரர விட்டுடுங்க."

குமிழிகள் மட்டும்.

பிறகு மிக அருகில் அந்தக் குரல் கேட்டது. "அப்ப இதுக்கு யாரு?"

"முனிசாமி ஐயா வருவாரு."

"அவரு வரமாட்டாரு." கோபமில்லை, களைப்பு இருந்தது. "ஒருத்தர் கூடவே இருக்கணும். நான் ஒருத்தனா எத்தன நாளைக்கு?"

தானிஷின் கைவிரல்கள் அவள் கைக்குள் சில்லிட்டுக்கொண்டே வந்தன. அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. இங்கிருந்து போனால் போதும்.

"இருப்பாங்க" என்றாள். "யாராவது ஒருத்தர் இருப்பாங்க. நான் சொல்றேன். எங்கள விடுங்க."

கூடத்தில் ஒரு பெருமூச்சு விட்டதுபோல் ஈரக்காற்று அசைந்தது.

கதவு திறந்தது.

தானிஷ் எழுந்தான். அவள் இழுத்த வேகத்துக்கு உடனே வந்தான். இவ்வளவு நேரம் கல்லாகக் கனத்தவன் இப்போது பிள்ளையைப்போல் லேசாக, கூப்பிட்ட பக்கம் நடந்தான். டெம்போவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். வீடு மறையும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை. அதில் அவளுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

தேன்கனிக்கோட்டை வீடு சின்னது. வெயில் தாராளமாக வந்தது. தானிஷ் பஸ் பிடித்து வேலைக்குப் போய் வந்தான். வைத்ததைச் சாப்பிட்டான். கேட்டதற்குப் பதில் சொன்னான். கௌசரின் கல்யாணத்துக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பந்தியில் நின்று பரிமாறினான். மீனைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. பழைய கலகலப்பு இல்லை, உடம்பு எந்நேரமும் கொஞ்சம் குளிர்ந்திருந்தது. பட்ட பயம் இறங்க நாளாகும் என்று அவளுடைய அம்மா சொன்னார். மெஹ்னாஸ் துவா செய்து அவன்மேல் ஊதினாள். அவன் தூங்கும்போது நெற்றியைத் தொட்டுப் பார்த்து அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள்.

ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. தானிஷ் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் எதிரே உட்கார்ந்து பரிமாறிக்கொண்டிருந்தாள். முனிசாமியின் போன் வந்தது.

அவர் குரலில் கூச்சம் இருந்தது. மன்னிக்கச் சொன்னார். யானைக் கூட்டம் இறங்கி ராகிக் கொல்லையை மிதித்துவிட்டதாம். காவலிலேயே நாள் போய்விட்டதாம். நீங்கள் போனதிலிருந்து வீட்டுப் பக்கமே வரவில்லை என்றார். டிரான்ஸ்பார்மர் வேறு எரிந்து அந்தப் பக்கம் கரண்டே இல்லையாம். செத்த மீனை அள்ளிப் புதைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் இன்றைக்கு வந்திருக்கிறார்.

"மீனு நல்லா இருக்குதும்மா. தம்பி திரும்ப வந்து பாத்துக்கறப்ப எனக்கு என்ன கவலை. ஆனா ஒண்ணு சொல்றன், தப்பா எடுத்துக்காத. ஆளு ரொம்ப எளச்சுப் போயிட்டாப்ல. அந்தச் செம்ப வச்சிக்கினு மொண்டு மொண்டு ஊத்திக்கினே இருக்கறாப்ல. கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கறாப்ல. வந்து கூட்டிக்கினு போய் ஒரு வாய் சோறு போடும்மா."

"யாருங்க?" என்றாள் மெஹ்னாஸ்.

"உங்க வீட்டுக்காரருதான். தானிஷ் தம்பி."

அவள் எதிரே பார்த்தாள். அவன் இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தான்.

"எப்ப பாத்தீங்க?"

"இப்பத்தாம்மா. ஜன்னல்கிட்ட நின்னுதான் பேசறன். உள்ளதான் இருக்கறாப்ல. இரு, போன கம்பி வழியா நீட்றன். நீயே பேசு."

தண்ணீர் விழும் சத்தம் வந்தது. நின்றது. மறுபடி விழுந்தது. நின்றது.

ஈரத்தரையில் ஒரு காலடி நெருங்கி வந்தது.

"மெஹ்னா" என்றது தானிஷின் குரல். அவளோடு சண்டை போட்ட, சிரித்த, அவள் தலையைத் தடவிய அதே குரல். அழுது அழுது கம்மியிருந்தது. "என்ன மட்டும் ஏன் விட்டுட்டுப் போன?"

எதிரே உட்கார்ந்திருந்தவன் தலை நிமிரவில்லை. அடுத்த இட்லிக்காகத் தட்டைக் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.